விரலை மட்டும் பாருங்க

மனக்காயம் ஆற்றும் தொழிலுக்கு வந்தவர்களுக்கு முதலில் வலிப்பது தோள்பட்டைதான். ஈப்போவில் ஆலோசகராக இருக்கும் நான், இ.எம்.டி.ஆர். என்ற கண்ணசைவுச் சிகிச்சைக்கான பயிற்சியில் சேர்ந்த பிறகு கற்ற முதல் பாடம் இது. மனதை உலுக்கிய ஒரு சம்பவத்தை நினைத்துக்கொண்டே, எதிரில் இருப்பவர் நம் விரல் இடமும் வலமும் போவதைக் கண்ணால் பின்தொடர வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக அந்த நினைவின் சூடு தணியும். கேட்க எளிதாகத்தான் இருக்கும். நாள் முழுக்க அடுத்தவர் கஷ்டத்தைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனால் "சும்மா உக்காந்துதானே இருந்தே?" என்ற கேள்வியையும் வாங்கிக்கொள்ளும் என் தொழில்காரர்களே, இது உங்களுக்காக. சிகிச்சைக்கு வந்தவர்களின் அடையாளங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

வீட்டுப்பாடம்

பயிற்சியாளர் மிஸ் சியா பினாங்கிலிருந்து வருபவர். கண்டிப்பானவர். விரல் முகத்துக்கு ரொம்பக் கிட்டப் போகக்கூடாது, வேகம் குறையக்கூடாது, கோடு வளையக்கூடாது. என் கையோ சற்று நேரத்திலேயே குடித்தவன் நடை மாதிரி கோணிக்கொண்டு போனது. பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் நேராக வீசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு வீம்பு வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் கணவரைச் சோபாவில் உட்கார வைத்தேன். "ஒன்னும் நினைக்க வேணாம். விரல மட்டும் பாருங்க." பாவம், தலையை ஆட்டாமல் கண்ணை மட்டும் ஓட்டினார். கை வலித்து நான் நிறுத்தப் போனபோது சொன்னார்: "பெரிய மழையில வைப்பர் ஓடுற மாதிரி இருக்குலா. எனக்கு இன்னும் ரோடு தெரியல, நீ நிறுத்தாத."

நாய் துரத்திய கதை

பயிற்சியில் நாங்களே ஒருவருக்கொருவர் சிகிச்சை செய்து பார்க்க வேண்டும். பெரிய காயத்தைத் தொடாதீர்கள், சின்னதாக ஒன்றை எடுங்கள் என்றார் மிஸ் சியா. எனக்கு ஜோடியாக வந்தவர் யோகேஸ்வரன், தைப்பிங்கில் பள்ளி ஆலோசகர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். சட்டையின் கைப் பொத்தானைக்கூடக் கழற்றாத ஆள். நான் பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டத்தில் சின்ன வயதில் ஒரு நாய் என்னைத் துரத்திய சம்பவத்தை எடுத்தேன். சிரிப்புக் கதை என்றுதான் நினைத்தேன்.

அவர் விரல் ஓடியது. நாய் துரத்துகிறது, நான் ஓடுகிறேன். ஓடிப்போய் நிற்கும் இடம் பெரட்டுக்களம், காலையில் பேர் கூப்பிட்டு ஆட்களை வேலைக்கு அனுப்பும் திடல். திடீரென்று நாயைக் காணோம். அது வேறொரு காலை. அங்கே அப்பா நிற்கிறார். காய்ச்சலில் கிடந்த என்னைத் தோளில் போட்டுக்கொண்டு தாமதமாக வந்திருக்கிறார். ஆள் கணக்கு எழுதும் தோட்டத்துக் கிராணி எல்லார் முன்னாலும் அவர் கன்னத்தில் அறைகிறார். "என்னாலதான்" என்று வாய்விட்டு அழுதேன். அந்த வார்த்தை இத்தனை வருடம் எனக்குள் இருந்தது எனக்கே தெரியாது.

யோகேஸ்வரனுக்கு முகம் வெளுத்துவிட்டது. மிஸ் சியா விரைந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து, நிறுத்தலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். விரல் மறுபடி ஓடியது. காய்ச்சலில் கிடக்கும் பிள்ளை என்ன தப்பு செய்திருக்க முடியும் என்று மெல்லத் தோன்றியது. அடி வாங்கியபோதும் அப்பா என்னைக் கீழே விடவில்லை என்பது அப்போதுதான் கண்ணில் பட்டது. எல்லாம் அடங்கிய பிறகு யோகேஸ்வரன் தயங்கித் தயங்கிச் சொன்னார், தன் தாத்தா ஒரு தோட்டத்தில் கிராணியாக இருந்தவர், நான் வேறு ஜோடி கேட்டாலும் தப்பாக எடுத்துக்கொள்ளப்போவதில்லை என்று. "நாளைக்கும் நீங்கதான்" என்றேன். கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "அப்ப நாளைக்கு நான் அழுவேன். நீங்க கைய நிறுத்தக்கூடாது."

இப்ப என்ன வருது?

அப்பா எனக்குள் தமிழில்தான் வந்தார். சிகிச்சையில் கேட்க வேண்டிய கேள்விகளோ ஆங்கிலத் தாளில் இருந்தன. இங்கிலீஷும் மலாயும் போதும் என்றார்கள் உடன் பயின்றவர்கள். எனக்குப் போதவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் நானும் யோகேஸ்வரனும் உட்கார்ந்து கேள்விகளைத் தமிழில் எழுத ஆரம்பித்தோம். அவர் முதலில் எழுதியது: "தற்போது தாங்கள் அவதானிப்பது யாது?" சிரித்ததில், குடித்துக்கொண்டிருந்த தே தாரேக் டீ எனக்கு மூக்கில் ஏறியது. எழுதி அடித்து, எழுதி அடித்து, கடைசியில் "இப்ப என்ன வருது?" என்று முடிவு செய்தோம். மனசில் வருவதையும் சொல்லலாம், உடம்பில் வருவதையும் சொல்லலாம்.

சனிக்கிழமை ஆலோசனைக்கு வந்த ஓர் அம்மாவிடம் யோகேஸ்வரன் அதை முதன்முதலாகப் பெருமையோடு கேட்டிருக்கிறார். அந்த அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாராம்: "மழை வருது சார். தைப்பிங்ல வேற என்ன வரும்?"

நிம்மதியான இடம்

சிகிச்சையைத் தொடங்குமுன், வந்தவரை நிம்மதியான ஓர் இடத்தைக் கற்பனை செய்யச் சொல்வோம். நடுவில் பயம் கூடினால் மனம் அங்கே திரும்பிவந்து இளைப்பாறலாம். பயிற்சித் தாளில் உதாரணமாகப் போட்டிருந்தது கடற்கரை. என் முன்னால் உட்கார்ந்திருந்தவர் ஹுத்தான் மெலிந்தாங் ஊரிலிருந்து வந்த சரோஜா அக்கா. மீன் பிடிக்கப் போன அவர் கணவர் திரும்பி வரவில்லை. அந்த வரியை அடித்துவிட்டு, "உங்களுக்கு எது நிம்மதியான இடம்கா?" என்று மட்டும் கேட்டேன்.

ஒவ்வொன்றாக யோசித்தார். வீடா? வாசலில் கணவரின் செருப்பு கிடக்கிறது. கோயிலா? போனால் எல்லாரும் விசாரிக்கிறார்கள். அவசரமில்லை என்று காத்திருந்தேன். திடீரென்று முகம் தெளிந்தது. "தெலுக் இந்தான் போற பஸ்ஸு, ஜன்னலோரம். யாரும் ஒன்னும் கேக்கமாட்டாங்க. நானும் எங்கயும் இறங்க வேணாம்."

மணியத்தின் வளைவு

மணியம் கமுந்திங் தொழிற்பேட்டையில் லாரி ஓட்டுநர். ஒரு வளைவில் எதிரே வழுக்கி வந்த மோட்டார் சைக்கிள்காரர் அவர் லாரியின் கீழ் சிக்கி உயிரை விட்டார். மணியம் மேல் தப்பில்லை என்று போலீஸே சொல்லிவிட்டது. ஆனாலும் அன்றிலிருந்து அவரால் லாரியில் ஏற முடியவில்லை. கண்ணை மூடினால் அந்த முகம். அவரைக் கூட்டிவந்த மனைவி, நான் விரலை ஆட்டுவதைப் பார்த்துவிட்டு, எலுமிச்சம்பழம் ஏதும் வாங்கி வரணுமா என்று மெதுவாகக் கேட்டார். இது மந்திரம் இல்லை என்று விளக்கி வெளியே உட்கார வைத்தேன்.

மணியம் அந்த முகத்திலேயே சிக்கிக்கொண்டார். வாரா வாரம் வருவார், விரலைப் பார்ப்பார், "அதேதான் அக்கா, என்னையே பாக்குறாரு" என்பார். எனக்குத் தாங்காது. "உங்க மேல தப்பே இல்ல அண்ணே" என்று ஆறுதல் சொல்ல ஆரம்பித்துவிடுவேன். பயிற்சிக்காக எடுத்த வீடியோ பதிவைப் பார்த்த மிஸ் சியா, வாயைக் குறைத்துக் கையை ஓட்டச் சொன்னார். பேசாமல் இருப்பது எனக்குப் பெரிய தண்டனை. ஆனால் அவரைக் கைவிடுவதில்லை என்று தீர்மானித்திருந்தேன். அடுத்த முறை உதட்டைக் கடித்துக்கொண்டு விரலை ஓட்டினேன். மணியம் குலுங்கி அழுதார். பிறகு, தான் லாரியிலிருந்து குதித்து ஓடி அந்த ஆளின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைச் சொன்னார். ஆம்புலன்ஸ் வரும்வரை விடவில்லையாம். அதுவரை இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

அதற்குப் பிறகும் பல வாரங்கள் பிடித்தன. முதலில் நிற்கிற லாரியில் ஏறி உட்கார்ந்தார், பிறகு தொழிற்பேட்டைக்குள்ளேயே ஓட்டிப் பார்த்தார். ஒரு நாள் மத்தியானம் போன் வந்தது. பின்னால் லாரி இன்ஜின் உறுமிக்கொண்டிருந்தது. "அக்கா, அந்த வளைவத் தாண்டி ஓரமா நிறுத்தியிருக்கேன். அவர் முகம் மறக்கல, மறக்கவும் வேணாம். ஆனா இப்ப அவர் கண்ண மூடிட்டாரு."

ஊரார் கண்ணை இடமும் வலமும் ஓட்டி ஓட்டிக் கடைசியில் என் மூக்குக்கண்ணாடியின் பவர்தான் கூடியிருக்கிறது என்றாலும், அடுத்த கட்டப் பயிற்சிக்கு முதல் ஆளாகப் பேர் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.