அக்கா பிள்ளை

எங்கள் பிரியாணிக் கடைக்குச் சின்ன வெங்காயம் விலை பேசிவிட்டு, ரெட்டியார்சத்திரத்தில் திண்டுக்கல் பஸ் ஏறினேன். முன் சீட்டில் கைக்குழந்தையோடு ஒரு பெண். இருபது வயதிருக்கும். தலை சீவவில்லை, சாயம் போன நைட்டிக்கு மேல் ஒரு துண்டு. மடியில் இருந்த பிள்ளையோ புதுச் சட்டையும் கழுத்தில் தங்கச் செயினுமாகக் கொழுகொழுவென்று இருந்தான். விடாமல் அழுதான்.

அவள் பக்கத்தில் இருந்த ஒரு அம்மா, "பாலைக் குடும்மா, பசியில அழுகிறான்" என்றார்.

"என் பிள்ளை இல்லங்க. அக்கா பிள்ளை. அக்காவுக்கு ஆபரேசன் பண்ணியிருக்கு, பெரியாஸ்பத்திரில."

"எந்த வார்டு?"

அவளுக்குத் தெரியவில்லை. அக்கா வீட்டுக்காரருக்குப் போன் போடச் சொன்னார்கள். போனில் சார்ஜ் இல்லை. அவ்வளவுதான், பஸ் முழுக்கப் பேச்சாகிவிட்டது. பிள்ளை பிடிக்கிற கூட்டம் திரிவதாக வாட்ஸப்பில் வந்ததை ஒருவர் சொன்னார். பின்னால் நின்றவர் அவள் முகத்தை வீடியோ எடுக்க ஆரம்பித்தார். அவள் தலை குனிந்துகொண்டாள். அதையும் தப்பாகவே எடுத்துக்கொண்டார்கள்.

கண்டக்டர் வந்தார். "போலீஸ் ஸ்டேசன்ல எறக்கி விட்ருவோம். அவுக விசாரிச்சுக்கட்டும்."

எனக்கும் உறுதியாக எதுவும் தெரியாது. ஆனால் பிள்ளை அழுகையோடு அழுகையாக அவள் துண்டை இழுத்து, அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். பழகாத ஆளிடம் எந்தப் பிள்ளையும் அப்படி ஒட்டாது. மூன்று பெற்றவள் நான்.

"நான் கூடப் போறேன். பொய்யின்னா நானே ஸ்டேசனுக்குக் கூட்டிட்டு வாரேன்" என்றேன்.

"உங்களுக்கு எதுக்கும்மா வம்பு? நாளைக்கு உங்களையும் சேத்து விசாரிப்பாக" என்றார் கண்டக்டர்.

"விசாரிக்கட்டும்."

கடைப் பெயரைச் சொன்னேன். கண்டக்டருக்குத் தெரிந்த கடை. அடுத்த சீட்டுக்கு டிக்கெட் போடப் போய்விட்டார். வீடியோ எடுத்தவரிடம் அதை அழிக்கச் சொன்னேன். அழித்தாரா என்று தெரியாது.

பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஆட்டோ பிடித்தோம். பிள்ளையை நான் வாங்கிக்கொண்டேன். "புட்டிப்பால் குடிக்க மாட்டேங்கிறான்க்கா. மாமா போன் போட்டு உடனே தூக்கிட்டு வான்னாரு. வார்டு சொல்றதுக்குள்ள அணஞ்சுபோச்சு. போட்டது போட்டபடி கெளம்பிட்டேன்."

ஆஸ்பத்திரி வாசலிலேயே அந்த மாமா நின்றிருந்தார். எங்களைக் கண்டதும் ஓடிவந்து பிள்ளையை வாங்கினார்.

வார்டில் அக்கா ஒருக்களித்துப் படுத்திருந்தாள். பால் கட்டி, வலியில் முகம் சிவந்திருந்தது. நர்ஸ் தலையணை வைத்துப் பிள்ளையைப் பக்கத்தில் படுக்க வைத்தார். வாய் வைத்ததும் அழுகை நின்றது.

"ஏன்டி, இம்புட்டு நேரம்? பஸ்ல ரொம்பப் படுத்திட்டானா?" என்று அக்கா கேட்டாள்.

அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். "அதெல்லாம் இல்லக்கா. இவுகதான் தூக்கி வச்சுக்கிட்டாக" என்றாள்.

நானும் ஆமாம் என்றேன்.