ஆஸ்வின் பாட்ஷ்கே மூடித் திறந்த கிணறு

ஆஸ்வின் பாட்ஷ்கே மூடிய எண்ணெய்க் கிணற்றைக் கடவுளே வந்தாலும் திறக்க முடியாது என்பது டெக்சஸில் எங்கள் லீ கவுண்டி முழுக்கப் பரவிய நம்பிக்கை. பரப்பியவர் ஆஸ்வின். கிடிங்ஸ் ஊரின் தீவனக் கடையில் டாமினோ ஆடும்போதெல்லாம் சொல்வார். கடவுள் இதுவரை முயன்று பார்க்காததால் யாரும் மறுக்கவில்லை.

தன் அண்ணன் பென்னோவின் நிலத்திலிருந்த கிணற்றை அவர் மூடியது 1957இல் என்று சிலர் சொல்கிறார்கள். தவறு. 1958, ஈஸ்டருக்கு அடுத்த வாரம். அதைத் தோண்டிய கம்பெனி இன்னும் ஆழத்தில் எதையோ தேடி, வெள்ளைச் சுண்ணாம்புப் பாறையைத் துளைத்துக்கொண்டு போனது. பாறையில் எண்ணெய் வாடை அடித்தது. அதைச் சொன்னவனிடம் ஒரு சாக்பீஸைக் கொடுத்துப் பிழிந்து காட்டச் சொல்லிச் சிரித்தார்கள். அடியில் ஒன்றும் கிடைக்காமல் கிணற்றைக் கைவிட்டார்கள். மூடும் வேலை ஆஸ்வினுக்கு வந்தது. மூன்று ஆழங்களில் சிமென்ட் அடைத்து, வாயில் இரும்புத் தகடு பற்றவைத்ததாக அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்தார். தகடு பற்றவைத்தது உண்மை.

அந்தச் சுண்ணாம்பிலேயே எண்ணெய் இருப்பது பிறகு தெரிந்து, 1980இல் ஊரே அதற்குப் பைத்தியமாக அலைந்தது. புதிதாகத் தோண்ட வசதியில்லாத சிறு கம்பெனிகள், ஏற்கெனவே அந்த ஆழம்வரை போயிருந்த பழைய கிணறுகளைத் திறந்து பாறையைச் சோதித்துப் பார்த்தன. பென்னோ அப்போது இறந்துவிட்டார். அவர் மனைவி டில்லியின் நிலம் வங்கியில் அடமானத்தில் இருந்தது; கிறிஸ்துமஸுக்கு முன் ஏலம். ஹூஸ்டன் கம்பெனி ஒன்று அவளுடைய பழைய கிணற்றைச் சோதிக்க ஒப்புக்கொண்டது. அது திறக்காவிட்டால் புதிதாகத் தோண்ட மாட்டோம் என்றும் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆக, கிணறு திறந்தால் நிலம் தங்கலாம். இல்லாவிட்டால் இல்லை.

அந்தக் கிணற்றைப் பற்றித் தெரிந்தவர் யார் என்று கம்பெனி விசாரித்தது. ஊரே ஒரே திசையில் கை காட்டியது. இப்படித்தான் ஆஸ்வின் மேற்பார்வையாளர் ஆனார். அவர் எழுதிக் கொடுத்ததை நம்பி, கம்பெனி சிமென்ட்டைக் குடைவதற்கென்றே ஒரு வண்டி நிறைய பிட் எனும் துளைமுனைகளைக் கொண்டுவந்து இறக்கியது. ஆஸ்வின் அவற்றைத் தடவிப் பார்த்து, தரமான சாமான் என்று பாராட்டினார்.

தகட்டை வெட்டி, துளையிடும் ரிக்கை மேலே நிமிர்த்தித் துளைக்கத் தொடங்கினார்கள். சிமென்ட் ஒரு முழத்தில் முடிந்தது. பிட் சட்டென்று இறங்கியது. துளையிலிருந்து மேலே வந்த சேற்றோடு சல்லடையில் வந்து விழுந்தது செந்நிற மரத்தூள். கம்பெனியின் பாறை நிபுணர் டார்லா ப்ரூவிட் அதை அள்ளி முகர்ந்தாள்.

"என்ன இது, பாட்ஷ்கே சார்?"

"வேர், மேடம். இந்தப் பக்கத்து மரமெல்லாம் ரொம்ப ஆழமா வேர் விடும்."

"இரும்புக் குழாய்க்குள்ளயா?"

"பிடிவாதம் புடிச்ச மரம்."

அவள் சல்லடையைக் கிளறி யூ வடிவ ஆணி ஒன்றை எடுத்தாள். "சரி. வேருக்கு ஆணி அடிச்சது யாரு?"

ஆஸ்வின் மழை வருமா என்று வானத்தைப் பார்த்தார். ரிக் ஓட்டுபவன், இன்னும் அழுத்தம் கொடுக்கவா என்று கேட்டான்.

"கொடு, கொடு. நாலு சுத்துல பொடியாயிடும்."

மரம் பொடியாகும். மரத்துக்கு அடியில் இருந்தவை முள்கம்பிச் சுருள்கள். சுழலும் பிட் முள்கம்பியைக் கவ்வினால் அது துளைக்கும் குழாயைச் சுற்றி இறுகிக்கொள்ளும்; அத்தோடு குழாயும் போகும், கிணறும் போகும். இது ஆஸ்வினுக்கு மட்டுமே தெரியும். வாயைத் திறந்தால் தன் பேர் போகும். திறக்காவிட்டால் அண்ணியின் நிலம் போகும். இரண்டில் எது பெரிய நஷ்டம் என்று யோசித்துக்கொண்டிருந்தார். யோசிக்க வேண்டியிருந்தது என்பதே அவரைப் பற்றிப் போதுமான குறிப்பு.

அப்போதுதான் டில்லி எல்லாருக்கும் நூடுல்ஸும் சாசேஜும் எடுத்துக்கொண்டு வந்தாள். சல்லடை ஓரத்தில் கிடந்த சிராய் ஒன்றில் பச்சைப் பெயின்ட் இருந்தது. பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டு அதை எடுத்தாள்.

"இது எங்க வீட்டு வேலிக் கம்பம்ல? வேதக்கோயில் கதவுக்கு அடிச்ச பெயின்ட்டு மிச்சத்த உங்க அண்ணன்தான் கம்பத்து நுனியில பூசி வச்சாரு. கொட்டாய்க்குப் பின்னால அடுக்கி வச்சது காணாம போச்சு. பக்கத்து நிலத்து ஸ்வார்தான் திருடிட்டான்னு நீதான சொன்ன, தம்பி?"

"வேற யாராவது உள்ள போட்டிருப்பாங்க, அண்ணி."

"போட்டுட்டு, மேல உன் தகட்டையும் ஒட்ட வச்சிட்டுப் போனாங்களாக்கும்." அவள் சிராயைத் திருப்பிப் பார்த்தாள். "கம்பத்தோட நாலு சுருள் முள்கம்பியும் போச்சே. அது எங்க?"

டார்லா நிமிர்ந்தாள். ஆஸ்வின் சுழலும் குழாயைப் பார்த்தார்.

"நிறுத்துடா" என்றார். இரைச்சலில் கேட்கவில்லை. "நிறுத்து. கம்பி கீழதான் இருக்கு."

ரிக் நின்றது.

"சிமென்ட்டு?" என்றாள் டார்லா.

"ஒரு மூட்டை."

"மூணு அடைப்புன்னு எழுதிக் கொடுத்திருக்கீங்க."

"எழுதறப்போ போடணும்னு நெனச்சுதான் எழுதினேன்."

கொக்கி வைத்த கம்பை இறக்கி, கம்பியைத் துண்டு துண்டாக வெளியே இழுத்தார்கள். அதற்குக் கீழே பழைய சேற்றைத் தவிர ஒன்றுமில்லை. குடைய சிமென்ட் இல்லாததால், சேற்றைக் கழுவிக்கொண்டே சுண்ணாம்பு வரை போய்விட்டார்கள். "இவரு ஒழுங்கா வேலை செஞ்சிருந்தா நமக்கு இன்னும் ஒரு வாரம் ஆகியிருக்கும்" என்றாள் டார்லா. படித்த பெண், ஆஸ்வின் காதில் விழும்படி அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அந்த ஞாயிற்றுக்கிழமையே கோயிலில் ஆண்கள் உட்காரும் மாடியில், சுண்ணாம்புக்கு ஒருநாள் மவுசு வரும் என்று தெரிந்தே சிமென்ட்டைத் தவிர்த்ததாக அவர் விளக்கிக்கொண்டிருந்தார்.

சோதனையன்று முதலில் சேறு வந்தது, பிறகு உப்புத் தண்ணீர். டில்லி ஏப்ரனைப் பிசைந்துகொண்டு நின்றாள். மாலையில் எண்ணெய் வந்தது.

"இது போதுமா, அம்மா?" என்று டார்லாவிடம் கேட்டாள்.

"வங்கிக்குப் போதும். அதுக்கு மேல சொல்ல முடியாது. சுண்ணாம்பு இன்னிக்குக் கொட்டும், நாளைக்குக் கைய விரிக்கும்."

"வங்கிக்குப் போதும்னா எனக்குப் போதும்." பிறகு ஆஸ்வினிடம் திரும்பினாள். "இப்ப ஸ்வார் வீட்டுக்குப் போ."

"அதெல்லாம் பழைய கதை, அண்ணி."

"உங்க அண்ணன் அடக்கத்துக்குக்கூட ஸ்வார நாம வரவிடல. போய் உண்மையச் சொல்லு."

போனார். ஸ்வார் முழுவதையும் நின்றபடியே கேட்டுக்கொண்டார்.

"திருடன்னு பேர் இருந்த வரைக்கும் எவனும் என்கிட்ட டிராக்டர் இரவல் கேட்டு வரல" என்றார். "நிம்மதியா இருந்தேன். கெடுத்துட்டியே."

அவர் சொன்னதில் தவறில்லை. மறுநாள் காலையிலேயே ஒரு ஆள் டிராக்டர் கேட்டு வந்து நின்றது. டில்லிதான். நிலம் தங்கிவிட்டது, உழ வேண்டாமா?