தோட்டா என்று சொல்லிவிட்டேன்

போன ஞாயிற்றுக்கிழமை என் அக்கா மகள் பெனிட்டாவைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். மாப்பிள்ளை சேவியருக்கு வேடசந்தூர்ப் பக்கம் ஒரு மில்லில் ஆபீஸ் வேலை. சொந்த ஊர் செம்பட்டி. கூடவே அவருடைய அம்மா லூர்து மேரி.

அக்கா எனக்குக் கொடுத்திருந்த வேலை ஒன்றே ஒன்றுதான். பேச்சு நின்றுபோகாமல் பார்த்துக்கொள்வது. ‘எழுதுறவன்தானே, நாலு வார்த்தை நல்லாப் பேசு’ என்று உட்கார வைத்திருந்தாள்.

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மாப்பிள்ளையும் பெண்ணும் மாடியில் தனியாகப் பேசிவிட்டு இறங்கிவந்தார்கள். இருவர் முகத்திலும் சிரிப்பு. கேசரி வந்தது. அப்போதுதான் லூர்து மேரி ஷோகேஸைப் பார்த்தார். பெனிட்டாவின் மெடலுக்குப் பக்கத்தில், சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு பித்தளைச் சாமான்.

“இது என்னங்கண்ணே... பேனா மூடியா?”

பெனிட்டா பள்ளியில் பி.டி. டீச்சர். ரைபிள் கிளப்பில் போட்டிக்குச் சுடுகிறவள். முதல் மெடல் வாங்கிய அன்றைக்குப் பயிற்சியாளர் ஞாபகார்த்தமாகக் கொடுத்தது அது. இதை இப்படியே சொல்லியிருக்கலாம் அல்லவா? நான் சொன்னது...

“தோட்டாங்க! எங்க பெனிட்டா சுட்டது!”

லூர்து மேரியின் ஸ்பூன் பாதி வழியில் நின்றது.

“சுட்டதா? யாரை?”

“யாரையும் இல்லீங்க... குறி பாக்குற அட்டையைத்தான்.”

செத்த நேரத்தில் எழுந்துவிட்டார்கள். கேசரி அப்படியே இருந்தது. ‘ஊருக்குப் போயிட்டு போன் பண்றோம்’ என்றார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று பெண்ணைப் பெற்றவர்களுக்குச் சொல்ல வேண்டுமா என்ன?

வாசலில் கார் திரும்பியதும் அக்கா என் பக்கம் திரும்பினாள்.

“ஏலே, நீ வாயத் தொறக்காம கேசரி தின்னுருக்கக் கூடாதா?”

பெனிட்டா தலையில் கை வைத்துக்கொண்டாள். “மாமா, அது தோட்டா இல்ல. கேசிங். தோட்டான்னா முழு கார்ட்ரிட்ஜ். அது லைசென்ஸ் இல்லாம வீட்டுல இருந்தா போலீஸ்தான் வரும்.”

எனக்குத் தெரிந்த கார்ட்ரிட்ஜ், பிரிண்டரில் மை தீர்ந்துபோகிற கார்ட்ரிட்ஜ். எனக்குத் தெரிந்த கேசிங், போர்வெல் போடும்போது குழிக்குள் இறக்குகிற பைப். துப்பாக்கிக்குள் இவை இரண்டுக்கும் என்ன வேலை என்று நான் எங்கே கண்டேன்?

மறுநாள் லூர்து மேரியே எனக்குப் போன் பண்ணினார்.

“அண்ணே, பொண்ணு தங்கமான பொண்ணுதான். ஆனா தோட்டா வச்சிருக்கிற வீடுன்னு எங்க சொந்தக்காரவுக பயப்படுறாக...”

கெடுத்தவன் நான். நானே சரிபண்ணிவிடலாம் என்று நினைத்தேன். “அது தோட்டா இல்லங்கம்மா. கேசிங்.”

“கேஸா? கேஸு வேற இருக்கா?”

“கேஸ் இல்லங்க... கேசிங்... கேசிங்...”

“ஐயோ மாதாவே! அப்ப கேஸு இன்னும் நடந்துக்கிட்டு இருக்கா?”

லைன் கட்.

அன்று சாயங்காலம் பள்ளி விட்டதும் பெனிட்டா நேராக என் வீட்டுக்கு வந்தாள். ஸ்கூட்டரை ஆஃப் பண்ணவே இல்லை. “ஏறுங்க மாமா. செம்பட்டிக்குப் போறோம்.”

“நாமளே போனா மரியாதையா இருக்குமாடா?”

“மாடியில நான் பேசுறதை அவரு அம்புட்டு நேரம் பொறுமையாக் கேட்டாரு மாமா. குறுக்க ஒரு வார்த்தை பேசல. அப்படி ஒருத்தர நான் இதுவரைக்கும் பாத்ததில்ல. அவரு வேணாம்னு சொன்னா சரி. ஒரு வார்த்தையால போறதுன்னா ஏத்துக்க மாட்டேன்.”

பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.

கதவைத் திறந்த லூர்து மேரி எங்களைப் பார்த்ததும் முதலில் பெனிட்டாவின் கைகளைத்தான் பார்த்தார். உள்ளே சேவியர் எழுந்து நின்றார். பெனிட்டா அந்தப் பித்தளைச் சாமானை எடுத்து லூர்து மேரியின் உள்ளங்கையில் வைத்தாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கையை நீட்டியபடியே நின்றார்.

“வாய்க்கிட்ட வச்சு ஊதிப் பாருங்க ஆன்ட்டி.”

“வெடிச்சுராதே?”

“நான் பக்கத்துலதான நிக்கிறேன்.”

கண்ணை மூடிக்கொண்டு ஊதினார். ‘கீய்ங்’ என்று விசில் வந்தது. கண்ணைத் திறந்து, இன்னொரு தடவை ஊதினார்.

“முன்னால ஈயக் குண்டு, உள்ள மருந்து, சுத்தி இந்தப் பித்தளை. எல்லாம் சேந்து இருந்தாத்தான் கார்ட்ரிட்ஜ். சுட்டதும் குண்டு பறந்துரும், மருந்து எரிஞ்சுரும். மிச்சம் கெடக்கிற கூடுதான் கேசிங். இதால எறும்பக்கூடக் கொல்ல முடியாது ஆன்ட்டி.”

“அட... புஸ்வாணம் எரிஞ்சு முடிஞ்சப்புறம் நிக்கிற கூடு மாதிரி?”

“அதேதான்.”

“இதை அந்த அண்ணே அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?”

மூவரும் என்னைப் பார்த்தார்கள். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

யோசித்துப் பாருங்கள். ஆளைக் கொல்லக்கூடியதற்கும், கொன்று முடித்துக் காலியாகக் கிடப்பதற்கும் தோட்டா என்ற ஒரே பெயரைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறோம். மனிதர்களிடமும் அப்படித்தானே? ரிட்டயராகிப் பல காலம் ஆன ஆபீசர் இருமினால்கூட எழுந்து நிற்கிறோம். மருந்து எப்போதோ எரிந்துபோயிருக்கும். நமக்குத்தான் பயம் போகவில்லை.

லூர்து மேரி காபி போட அடுப்படிப் பக்கம் திரும்பினார். “ஆன்ட்டி, நானும் வாரேன்” என்று பெனிட்டாவும் கூடவே நடந்தாள்.

“என்ன ஆன்ட்டி? அத்தைன்னு கூப்புடு.”

என் தலையிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. அக்காவுக்குப் போன் பண்ணலாம் என்று செல்லை எடுத்தேன்.

அடுப்படியிலிருந்து லூர்து மேரியின் குரல் மட்டும் கேட்டது. “துப்பாக்கி பிடிக்கிற பொண்ணு வாரதும் நல்லதுக்குத்தான். இவன் பல்லியப் பாத்தா கட்டில்ல ஏறி நிக்கிறவன்.”

சேவியர் என்னிடம் குனிந்து, மிகத் தாழ்ந்த குரலில் சொன்னார்: “அது பெரிய பல்லிங்க மாமா.”