தாய்வழியில் நாலு வட்டம்

சூலூரில் லோகப்பிரியாவுக்குக் கல்யாணம் கூடிவிட்டது என்று பேச்சுக் கிளம்பியதற்குக் காரணம் அவளேதான். ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, "எங்கம்மாவோட அமுச்சி பேரு தெரியுங்களா?" என்று பக்கத்து இலையில் கேட்டாள். முப்பத்தாறு வயது, கழுத்தில் தாலி இல்லை. அப்படிப்பட்டவள் அம்மாவின் பாட்டி வரைக்கும் வம்சம் விசாரித்தால் கொங்கு நாட்டில் அதற்கு ஒரே அர்த்தம். ரசம் வருவதற்குள் செய்தி கடைசி இலைக்குப் போய்ச் சேர்ந்தது.

அவள் பந்திக்கு வந்ததே பாதிச் செய்தி. பதினேழு வயதில் முதல் வலிப்பு வந்த நாளிலிருந்து, விசேஷத்துக்கு வராதே என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை. மரியாதை தெரிந்த ஊர். "உனக்கெதுக்குங் கண்ணு அலைச்சல்?" என்பார்கள். அவளும் அலையாமல் இருந்துகொண்டாள். தங்கை சண்முகப்பிரியா கல்யாணத்தை வீட்டில் உட்கார்ந்து போனில்தான் பார்த்தாள். தாலி கட்டும் நேரத்துக்குச் சரியாகப் படம் நின்றுவிட்டது.

அந்தக் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடித்ததும் அவள்தான். காந்திபுரத்தில் ஒரு மாடிப்படிக்கு அடியில் இருக்கிற கடையில், பதினாலு வருஷமாகக் கல்யாணப் பத்திரிகை டைப் செய்கிறாள். எந்தக் குலக்கூட்டம், எந்தக் குலதெய்வம், தாத்தாக்கள் யார் என்பதெல்லாம் பெரிய எழுத்தில் வரும். பாட்டிகள் இடம் இருந்தால் வருவார்கள். மேட்டர் நீண்டுவிட்டால் முதலில் தூக்குவது அவர்களைத்தான். அப்படி அவள் தூக்கிய பாட்டிகளை வைத்தே ஒரு மண்டபத்தை நிரப்பலாம்.

வீட்டில் வலிப்புக்கு 'மயக்கம்' என்று பெயர். எட்டு வயதில் சைக்கிளிலிருந்து விழுந்ததால் வந்தது என்று முடிவாகியிருந்தது. சைக்கிளைப் பழைய இரும்புக்குப் போட்ட பிறகும் அதன் மேல் இருந்த பழி போகவில்லை. போன தை மாதம் புது டாக்டர் ஒருவர் ஸ்கேனும் ரத்தமும் எடுக்கச் சொன்ன பிறகுதான் சைக்கிள் விடுதலையானது.

ரிசல்ட்டை விளக்கியவள் ஹாரிகா, மரபணு ஆலோசகர்.

"கொழந்த வயித்துல இருக்கறப்ப, மூளைக்கு நடுவுலதாங்க நரம்பு செல்லு பொறக்கும். அப்பறம் அங்கிருந்து மேல்பரப்புக்கு நடந்து போயி உக்காரோணும். உங்களுக்குக் கொஞ்சம் செல்லு பொறந்த எடத்துலயே நின்னுபோச்சுங்க."

"ஏனுங்க, அதுகளுக்கும் அலைச்சல் வேண்டாம்னு சொல்லிட்டாங்களா?"

ஹாரிகா சிரித்துவிட்டாள். "அங்க சும்மா உக்காந்துட்டு இருந்தாப் பரவால்லீங்க. அப்பப்ப அதுக ஒண்ணாக் கத்துது. அதான் ஃபிட்ஸ். ஒரு ஜீன்ல பழுது. அம்மா வழியா வந்திருக்கலாம், உங்களுக்கே புதுசாவும் வந்திருக்கலாம். தங்கச்சி இருக்காங்களா?"

"காங்கேயத்துலங்க. மூணு மாசம் முழுகாம இருக்கறா."

ஹாரிகாவின் சிரிப்பு நின்றது. அம்மா வழி என்றால் தங்கைக்கும் இருக்கப் பாதி வாய்ப்பு. வலிப்பே இல்லாமலும் இருக்கலாம். ஆண் கரு பெரும்பாலும் தங்காது. சிலருக்கு இதயத்தின் பெரிய ரத்தக்குழாய் வீங்கும், பிரசவத்தில் அது ஆபத்து. அதனால் தங்கை இப்போதே ரத்தமும் இதய ஸ்கேனும் பார்த்துவிட வேண்டும்.

அன்றைக்கே லோகப்பிரியா தங்கையைப் போனில் கூப்பிட்டாள். அவள் வாழ்க்கைப்பட்டது எண்ணெய் மில் குடும்பம். அக்காவின் மயக்கம் அந்த வீட்டுக்குத் தெரியாது.

"அக்கா, உனக்கு சைக்கிள்ல இருந்து உளுந்து வந்துது. எனக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது. என்னைய ஏங்க்கா இதுல இழுக்கற?"

அம்மா முத்தாத்தாளிடம் சோதனைக்கு ரத்தம் கேட்டாள். "எங்கூட்டு வழில யாருக்கும் ஒண்ணுமில்ல" என்று அம்மா டிவி சத்தத்தைக் கூட்டினாள்.

ஆகவே, நோய் அம்மா வழியா என்று தெரிந்துகொள்ள லோகப்பிரியா பழைய புரூஃப் தாளின் பின்பக்கம், ஹாரிகா சொல்லிக்கொடுத்தபடி வரைய ஆரம்பித்தாள். பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குச் சதுரம், தங்காத கருவுக்குச் சின்ன முக்கோணம். நோய் இருந்தால் உள்ளே மை அடைக்க வேண்டும். தன் வட்டத்தை அடைத்தாள். மேலே அம்மாவின் வட்டம். அதற்கு மேலே தாள் வெறுமையாக இருந்தது. பந்தியில் போய்க் கேட்டதெல்லாம் அதற்காகத்தான். அப்பா வழியில் ஏழு தலைமுறையை மூச்சு விடாமல் சொன்ன பெரியவர்கள், அம்மா வழிக்கு வந்ததும் மோர் கேட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தரகர் நஞ்சுண்டன் ஜாதகத்தோடு வந்து நின்றார்.

"மாப்பிள்ள சொந்தமா லேத்து வெச்சிருக்காருங்க அம்மணி. மொத சம்சாரம் தவறிட்டாங்க. மத்தபடி ஒரு கொறையுமில்ல."

அம்மா காப்பி போடப் போன நேரத்தில், லோகப்பிரியா தாளை அவர் முன்னால் நீட்டினாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"இதுக்கா ஊரெல்லாம் கேட்டீங்க? எழுதிக்கங்க. உங்கமுச்சி பாவாத்தா. மூணும் பொண்ணு, மூணு தங்கல. அவங்காத்தா வெள்ளியம்மா. அவங்களுக்கும் பொண்ணுகதான். அதுல நடுப்பொண்ணு, உங்கமுச்சிக்கு அக்கா, வாசல்ல உளுந்து உளுந்து எந்திரிக்கும். முப்பது வயசுல நெஞ்சு வலின்னு சொல்லிச்சாம், அவ்வளவுதான். கைக்கொளந்த பாலுக்கு அழுதுட்டுக் கெடந்துச்சாம்."

லோகப்பிரியா அந்த வட்டத்தையும் அடைத்தாள். "இத்தன எப்படிங்க தெரியும்?"

"தெரியாம தொழில் பண்ண முடியுங்களா? எந்த வழில பொண்ணெடுக்கக் கூடாதுன்னு மாப்பிள்ள ஊட்டுல கேப்பாங்கல்ல."

"அப்பறம் எப்படிங்க எங்க தங்கச்சி சம்முவக் காங்கேயத்துல முடிச்சீங்க?"

"அன்னைக்கு மறந்துபோச்சுங்க." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நல்ல எடம் அம்மணி. அந்தப் புள்ள பொழப்பக் கெடுத்துப்போடாதீங்க."

காப்பியைக் குடித்துவிட்டு எழுந்தார். ஜாதகத்தை மறக்காமல் எடுத்துக்கொண்டு போனார். கோயமுத்தூர் ஜில்லாவில் அவள் வீட்டுப் பெண்களை நினைவு வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். அதுவும் ஒதுக்கி வைப்பதற்காக.

மறுநாள் தங்கைக்குப் போன் செய்து பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தாள். அந்தப் பக்கம் மில் ஓடுகிற சத்தத்தில் நடுப்பெண்ணின் கதையை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

"அந்த நடுப்பொண்ணு பேரென்னக்கா?"

"தரகருக்கும் தெரியல கண்ணு."

"கைக்கொளந்தையோடயா?"

"ஆமா."

தங்கை கதவைச் சாத்தினாள், மில் சத்தம் குறைந்தது. "சனிக்கெழம வாரேன். நீ ஆஸ்பத்திரிக்கு வராதக்கா. ஆராச்சும் பாத்தா..."

"நான் எங்க கண்ணு வாரேன்? கடைல வேல தலைக்கு மேல கெடக்குது."

கடையிலிருந்து ஆஸ்பத்திரி ரெண்டு ஸ்டாப் தூரம். அந்தச் சனிக்கிழமை அவள் ஒரே மணமகளை இரண்டு மாப்பிள்ளைகளுக்குக் கட்டிவைத்து முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். மூன்று மணிக்குத் தங்கையிடமிருந்து செய்தி வந்தது. 'நெஞ்சு ஸ்கேன் நல்லாருக்கு. ரத்தம் குடுத்துட்டேன். பஸ் ஏறிட்டேன். இதைய அழிச்சுரு.' அழித்தாள். ஒரு வருஷமாகப் பார்க்காத தங்கை கோயமுத்தூர் வந்து போய்விட்டாள்.

ரத்த ரிசல்ட்டுக்கு நாலு வாரம். நாலாவது வாரம் புதன்கிழமை, ஒரு பூப்பு நன்னீராட்டு மேட்டர் பாதியில் இருக்கும்போது போன் வந்தது.

"அக்கா! எனக்கு இல்லியாம்க்கா!" சண்முகப்பிரியா சிரிக்கிறாளா அழுகிறாளா தெரியவில்லை. "ஒண்ணுமே இல்லியாம்!"

"சந்தோசம் கண்ணு."

"அந்தப் பேப்பரக் கிழிச்சுப்போடுக்கா. அத்த வாராங்க, வெச்சர்றேன்."

லோகப்பிரியா போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அவளுக்கு வந்த சந்தோஷத்தில் பொய் இல்லை. ஆனால் 'இல்லை' என்று வந்தால் சொல்வதற்கு அவள் யோசித்து வைத்திருந்தது அந்த ஒற்றை வார்த்தைதான். 'இருக்கிறது' என்று வந்தால் சொல்லத்தான் நாலு வாரமாக சூலூர் பஸ்ஸில் நின்றுகொண்டே ஒரு நீளமான பேச்சைத் தயார் செய்திருந்தாள். பயப்படாத கண்ணு, நானிருக்கறனில்ல. மாத்திரையப் போட்டுட்டு வேலைக்குப் போயிட்டுத்தான இருக்கறேன். ரெண்டு பேரும் ஒரே டாக்டர்கிட்டயே காட்டிக்கலாம். மாசத்துக்கொருக்கா நீ வந்தீன்னா, டோக்கன் போட்டுட்டு, கூப்பிடற வரைக்கும் கீழ கேன்டீன்ல உக்காந்து பேசிட்டிருக்கலாம்.