தானாக எழுந்த இளவரசி

"முத்தம் கொடுத்து எழுப்புறதா? கண்காட்சியில அதை வெச்சா மறுநாளே நம்ம சென்டருக்குப் பூட்டு போட்டுடுவாங்கம்மா" என்று தலையில் கை வைத்துக்கொண்டார் சார்.

சார் திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டு பக்கத்து மாடியில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தியவர். இரண்டாயிரத்துக்குப் பிறகு தெருவுக்கொரு சென்டர் முளைத்த காலம் அது. அங்கே படிக்கப் போன நான் அங்கேயே சொல்லிக்கொடுக்கவும் ஆரம்பித்திருந்தேன். வருஷா வருஷம் சென்டரில் கண்காட்சி வைப்பார்கள். மற்றவர்கள் சம்பளப் பட்டியல், ரயில் டிக்கெட் என்று ஏதோ புரோகிராம் செய்துகொண்டிருக்க, நான் விளையாட்டு செய்கிறேன் என்று வாயை விட்டிருந்தேன். திரையில் படம் வரும், கீழே கதை வரும். நடுநடுவே 'இப்போது என்ன செய்வாய்?' என்று இரண்டு பொத்தான்கள் வரும். எதை அழுத்துகிறோமோ அந்தப் பக்கம் கதை திரும்பும். அதற்கு விஷுவல் நாவல் என்று பெயர் இருப்பதெல்லாம் அப்போது யாருக்குத் தெரியும்! கதைக்கு நான் எடுத்துக்கொண்டது சாபத்தால் நூறு வருஷம் தூங்கும் இளவரசியை. முள்காடு, கோட்டை, கடைசியில் இளவரசன், முத்தம். அங்கேதான் சார் பிரேக் போட்டார்.

"தூங்கறவ தானா எழுந்துக்க மாட்டாளா?" என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் அக்கா. அதையே முடிவாக வைத்துக்கொண்டோம்.

படங்கள் எல்லாம் அவள் கைவண்ணம். அவளைக் கீழ்பென்னாத்தூரில் கட்டிக்கொடுத்திருந்தோம். கை நீட்டுகிற புருஷனை விட்டுவிட்டு ஒரே ஒரு பையோடு வீட்டு வாசலில் வந்து நின்றவள். வீட்டில் அடைந்து கிடக்கிறாளே என்று நான்தான் சென்டருக்கு இழுத்துக்கொண்டு போனேன். மவுஸைப் பிடித்த பத்தாவது நிமிஷம் ஒரு மயில் வரைந்தாள். சார் எழுந்து வந்து பார்த்தார்.

அவள் படம் போட்டுக்கொண்டிருக்கும்போதே அவள் தலைவிதியை வேறொருவர் எழுதிக்கொண்டிருந்தார். அம்மாவின் அண்ணன், எங்கள் பெரிய மாமா. "புருஷன்னா ஒரு அடி அடிக்கத்தான் செய்வான், அதுக்காக வந்துடறதா?" என்று தீர்ப்பு சொல்லிவிட்டு, கண்காட்சிக்கு அடுத்த ஞாயிறு மாப்பிள்ளை வீட்டாரோடு வந்து அவளைக் கூட்டிப்போவதாக நாளும் குறித்துவிட்டார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அப்பாவிடம் போய்ச் சண்டை போட்டேன்.

"அவளுக்குன்னு ஒரு வேலை இருந்தா நான் தைரியமா பேசுவேன். இப்ப எதை வெச்சும்மா பேசறது?" என்றார் அப்பா.

வேலைதானே? குழந்தைகள் பாடத்தை சிடியாகத் தயாரிக்கிற ஒரு மேடம், கம்ப்யூட்டரில் படம் வரையத் தெரிந்த ஆளைத் தேடி வேலூரிலிருந்து எங்கள் கண்காட்சிக்கு வரப்போவதாக சார் சொல்லியிருந்தார். விடுவேனா! அக்காவின் எல்லாப் படத்தையும் அந்த அம்மாவைப் பார்க்க வைத்துவிடுவது என்று கங்கணம் கட்டிக்கொண்டேன்.

கடைசிப் படத்துக்கு மட்டும் அக்கா ஒரு வாரம் எடுத்துக்கொண்டாள். இளவரசி கண் விழிக்கிற படம். சிரித்துக்கொண்டே விழிக்கவில்லை அவள். யாரடா என்னைத் தூங்கவைத்தது என்று கேட்கிற முகம். பார்த்தால் நமக்கே நிமிர்ந்து உட்காரத் தோன்றும். வெளிநாட்டுக் கோட்டை எப்படி இருக்கும் என்று மட்டும் அவளுக்குத் தெரியவில்லை. நம் மலையையே வரைந்து, உச்சியில் கோட்டையை உட்கார வைத்துவிட்டாள்.

ஆட்டத்தில் ஒரு வழிப்போக்கன் மலையடிவாரத்துக்கு வருவான். 'மலையை வலக்கைப் பக்கம் வைத்து நட' என்று ஒரு பொத்தான், 'மலையை இடக்கைப் பக்கம் வைத்து நட' என்று இன்னொன்று. கோட்டைக் கதவை நான் இரண்டாவது வழியில் வைத்திருந்தேன். முதல் வழி முள்காட்டைச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே கொண்டுவந்து விடும். எதையும் யோசித்தெல்லாம் வைக்கவில்லை.

கண்காட்சி அன்று காலையிலிருந்தே கூட்டம். வந்தவர்கள் உட்கார்ந்தார்கள், மலையைப் பார்த்தார்கள், "அட, நம்ம மலை!" என்றார்கள், வலக்கைப் பக்கத்தை அழுத்தினார்கள். ஒருவர் பாக்கியில்லை! சுற்றி முடித்துப் புறப்பட்ட இடத்துக்கு வந்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "ரொம்ப நல்லா இருக்குதும்மா" என்று திருப்தியாக எழுந்து போனார்கள். கடைசியில் விபூதி வருமா என்றுகூட ஒருவர் கேட்டார்.

"இன்னும் முடியலைங்க, அந்தப் பக்கம் அழுத்திப் பாருங்க" என்று ஒரு அம்மாளிடம் கெஞ்சினேன்.

"இந்த ஊர்ல பொறந்துட்டு கிரிவலத்தை எதிர்ப்பக்கமா சுத்தச் சொல்றியே, நல்லாவா இருக்குது?" என்று என்னைத் திட்டிவிட்டுப் போனார்.

மத்தியானம் வரை கோட்டைக்குள் ஒரு ஆள்கூட நுழையவில்லை. இளவரசி எழுந்ததை ஒரு ஜீவனும் பார்க்கவில்லை. மேடமும் இப்படியே சுற்றிவிட்டுப் போய்விட்டால்? எனக்கு வந்ததே கோபம்!

"எல்லாம் உன்னாலதான். அந்த மலையை அழிச்சுடு! இல்லன்னா, 'இடப்பக்கம் போங்க'ன்னு பெரிசா எழுதி ஒட்டறேன்" என்று அக்காவிடம் கத்தினேன்.

"ஐயய்யோ, அப்படியெல்லாம் எழுதி ஒட்டிடாதம்மா" என்று சார் பதறினார்.

அக்கா சாப்பாட்டு டப்பாவை மூடினாள். "ஏன்டி கத்தற? அவங்க சரியாத்தான் சுத்தறாங்க. கதவுதான் தப்பான எடத்துல இருக்குது. இவ்ளோ தூரம் சுத்தி வந்தவங்களுக்குத் தொறந்தா ஆகாதா?"

நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். புறப்பட்ட இடத்துக்குப் போகிற இணைப்பை எடுத்துக் கதவுக்குக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். நான் அதைச் சேமித்துக்கொண்டிருக்கும்போதே மேடம் படியேறி வந்துவிட்டார்.

உட்கார்ந்தார். அவரும் வலக்கைப் பக்கம்தான். முள்காட்டைச் சுற்றி வந்தார். கதவு திறந்தது. பின்னால் நின்ற கூட்டத்தில், காலையில் பார்த்துவிட்டு எழுந்த ஒருவர் "எனக்கு இது வரவே இல்லையே!" என்றார். அவ்வளவுதான், எல்லாரும் நெருக்கியடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். உள்ளே இளவரசி தூங்குகிறாள். 'எழுப்பு' என்று ஒரு பொத்தான், 'காத்திரு' என்று ஒன்று. மேடத்தின் கை இரண்டு பொத்தானுக்கும் நடுவில் நிற்க, எதையும் அழுத்துவதற்கு முன்பே இளவரசி விழித்துக்கொண்டாள்.

மேடம் நாற்காலியில் நிமிர்ந்தார். அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இளவரசன் எங்கம்மா?" என்றார்.

காலையிலிருந்து ஓரமாகவே நின்ற அக்கா முன்னால் வந்தாள். "வந்தா வரட்டும் மேடம். அதுவரைக்கும் இவ ஏன் படுத்துக் கெடக்கணும்?"

கொல்லென்று சிரிப்பு. பெண்கள் பக்கத்திலிருந்து கைதட்டல் கிளம்பி மாடியே அதிர்ந்தது. மேடமும் தட்டினார். "இந்தக் கண்ணை மவுஸ்லயா வரைஞ்சீங்க?" என்று கேட்டார். அக்கா தலையாட்டினாள். "அடுத்த வாரமே வேலூருக்கு வந்துடறீங்களா? ஆபீஸ் பக்கத்துலயே லேடீஸ் ஹாஸ்டல் இருக்கு. நான் பேசி வெக்கறேன்."

ஜெயித்துவிட்டோம்! எனக்குத் தலைகால் புரியவில்லை. சாரைப் பிடித்துக் குலுக்கினேன். கூடியிருந்தவர்களெல்லாம் ஆளனுப்பி, காலையில் வந்துபோனவர்களையும் வரவழைத்தார்கள். சாயங்காலம் வரிசை படியிறங்கித் தெருவுக்கே வந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு மாமா சொன்னபடி வந்தார். பின்னால் மாப்பிள்ளை, அவன் அம்மா, தட்டில் பழம், பூ. நடுக்கூடத்தில் உட்கார்ந்து தொண்டையைச் செருமினார். "நடந்தது நடந்துபோச்சு. நல்ல நேரத்துல பொண்ணை அனுப்பி வெச்சுடுங்க."

அப்பா எழுந்து நின்றார். "அவ வர மாட்டா, மச்சான். நாளைக்கு வேலூர்ல வேலைக்குச் சேர்றா. நான்தான் கொண்டுபோய் விடறேன்."

மாமாவுக்கு முகம் கறுத்துவிட்டது. அப்பாவை விட்டுவிட்டு, உள்ளேயிருந்து காபி கொண்டுவந்த அக்காவின் பக்கம் திரும்பினார். "வேலைக்கா? யாரைக் கேட்டு இந்த முடிவு எடுத்த?"

அக்கா டம்ளரை அவர் முன்னால் வைத்தாள். கண்ணை அவர் முகத்திலிருந்து எடுக்கவே இல்லை.

"என்னைக் கேட்டுதான் மாமா."

மாமா காபியைக் குடிக்காமலே எழுந்துவிட்டார்.