கூலிக்காரன் வைத்திருந்த பாஷை

தென்னேரிப் பக்கம் கூலி வீட்டில் பிறந்த அருள்தாஸ், உத்திரமேரூர் ரைஸ் மில்லில் மூட்டை தூக்கிக்கொண்டே அஞ்சல் வழியில் பி.ஏ. இங்கிலீஷ் படித்தான். துணிச்சலைப் பாருங்கள்! மற்ற பேப்பரெல்லாம் தேறிவிட்டது. ‘ஆங்கில மொழி வரலாறு’ மட்டும் வருஷா வருஷம் காலை வாரியது. அது தேறினால் மேலே படித்து வாத்தியாராகலாம். இல்லையென்றால் ஆயுசுக்கும் மூட்டைதான்.

எண்பத்தைந்தாம் வருஷம் மறுபடி பரீட்சை நெருங்கியபோது கைடைத் தூக்கி மூலையில் வீசினான். “போதும் பவளம். இது பெரிய மன்சனுங்க பாஷ. நமக்கு வராது.”

அவன் மனைவி பவளம் நடவு நட்டுவிட்டு வந்து உலை வைத்துக்கொண்டிருந்தாள். எழுதப் படிக்கத் தெரியாது. வாய் மட்டும் ஊருக்கே போதும். “அப்டி இன்னாதான்யா கீது அதுல? கதையா சொல்லு, கேப்போம்.”

வேண்டாவெறுப்பாக ஆரம்பித்தான். கடல் தாண்டிப் படகில் வந்து இங்கிலாந்தில் குடியேறியவர்களின் பேச்சுதான் இங்கிலீஷ். அப்புறம் பிரான்சுப் பக்கத்திலிருந்து ஒருத்தன் படையோடு வந்து நாட்டையே பிடித்துக்கொண்டான். அரண்மனை, கோர்ட்டு எல்லாம் பிரெஞ்சு.

“அப்ப இங்கிலீஷு?”

“ஏர் ஓட்றவன், மாடு மேய்க்கிறவன், கூலிக்காரன் பேசிக்கினு இருந்தான். தொரைங்களுக்கு அது கேவலம்.”

பவளம் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். “அடப்பாவி! அப்ப அது நம்மாளுங்க பாஷய்யா! அதுக்கா இப்டி நடுங்கிக்கினு கீற?”

அவனுக்குச் சுரீரென்றது. இத்தனை வருஷம் உருப்போட்டும் இது உறைக்கவில்லையே! அவளோ, “அப்பால எப்டி மேல வந்துச்சி?” என்று விடாமல் பிடித்துக்கொண்டாள். கொள்ளைநோயில் ஜனம் செத்து, ஆள் கிடைக்காமல் கூலி ஏறி, கூலிக்காரன் பேச்சுக்கும் மதிப்பு வந்த கதையை எழுந்து நின்று சொன்னான். உலை பொங்கி அடுப்பு அணைந்ததை இருவருமே கவனிக்கவில்லை.

காஞ்சிபுரத்தில் பரீட்சை எழுதியபோது கைடு ஞாபகமே வரவில்லை. பவளத்துக்குச் சொன்னதைத்தான் இங்கிலீஷில் எழுதினான்.

ரிசல்ட் வந்த அன்று மில்லிலிருந்து நேராக ஏரிக்கரை வயலுக்கு ஓடினான். நடவுக்காரிகள் பார்க்கப் பார்க்கச் சேற்றில் இறங்கி, “பாஸு பவளம்! உன்னாலதான்” என்றான். பெண்டாட்டியிடம் நன்றி சொல்லிப் பழகாத மனுஷன், எப்படியோ “தேங்க்ஸ்” என்று சொல்லிவிட்டான்.

பவளம் நாற்றுமுடியோடு நிமிர்ந்தாள். “இது ஆரு வெச்சிருந்த வார்த்த? தொரையா, கூலிக்காரனா?”

“கூலிக்காரன்.”

“அப்டின்னா வாங்கிக்கிறேன்” என்று சிரித்தாள்.