லுகாசியைப் பார்க்க நெல்லிக்குப்பம் போன மாமா

பெண்ணைக் கொடுக்கும் முன்பு மாப்பிள்ளையின் ஊரைப் பார்த்துவிட வேண்டும் என்பது ராமாமிர்தத்தின் கொள்கை. பார்க்கப் போன இடத்தில் ஒரு வாய்கூடச் சாப்பிட்டுவிடக் கூடாது என்பது ஊரின் கொள்கை. கை நனைத்தால் சம்மதம் என்று அர்த்தம். அதற்குப் பிறகு பேச்சு மாறுகிறவனை யாரும் பந்தியில் உட்கார வைப்பதில்லை.

இரண்டாவது கொள்கையை அவர் ஒருமுறை மீறியிருக்கிறார். ஆறு வருஷத்துக்கு முன்பு, தங்கை கலைமணியின் மூத்த மகள் அருள்மொழிக்காக ஸ்ரீமுஷ்ணத்தில் ஒரு வீட்டைப் பார்க்கப் போனார். பஸ் லேட்டான பசியில், எதிரே இருந்த கேசரியில் ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டுவிட்டார். மாப்பிள்ளை அப்போது குளித்துக்கொண்டிருந்தான். அவன் தலை துவட்டி வருவதற்குள் தட்டு மாற்றியாகிவிட்டது. அருள்மொழி இன்றைக்கு இரண்டு பிள்ளைகளோடு அமோகமாக இருக்கிறாள். "நல்லா இருக்காங்கிறது வேற விஷயம்" என்பது கலைமணியின் தீர்ப்பு. உறவு முழுக்க அவருக்குக் கேசரி மாமா என்ற பெயர் நிலைத்துவிட்டது.

இப்போது இளையவள் காயத்ரியின் முறை. அப்பா இல்லாத பெண். தாய்மாமன் தலையசைத்தால்தான் கல்யாணம். வந்த வரன் நெல்லிக்குப்பத்துக்காரன், பெயரே மணவாளன், ஆனால் முப்பத்துமூன்று வயது வரை அந்தப் பெயருக்கு வேலை வரவில்லை. உகாண்டாவில் லுகாசி என்கிற நகராட்சியில், ஒரு சர்க்கரை ஆலையில் பாகு காய்ச்சுகிறான். காயத்ரியும் அவனும் நாலு மாதமாகப் போனில் பேசி முடிவெடுத்துவிட்டார்கள். ஆகவே, முடிவெடுக்கும் பொறுப்பு மாமாவிடம் வந்தது.

"புடிக்கலன்னா வேணாம்னு சொல்லிடுங்க மாமா. ஆனா புடிக்கும்" என்று அவள் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தாள்.

ராமாமிர்தம் சிதம்பரத்தில் வீடு வீடாக ஏறிச் சொத்துவரி வசூலித்தே முப்பத்தோரு வருஷம் நகராட்சியில் கழித்தவர். ஊர் என்றால் மற்றவர்களுக்குக் கோபுரம், அவருக்கு வடிகால். மழை விட்டு ஒரு மணி நேரத்தில் தண்ணீர் எங்கே போகிறது என்று சொல், ஊரின் யோக்கியதையை நான் சொல்கிறேன் என்பார். அப்பேர்ப்பட்டவர் பிச்சாவரத்தில் படகேறி, தலைசுற்றி, பாதியில் திரும்பியவரும்கூட. விமானத்தைப் பற்றிப் பேச்சே எழவில்லை. கடைசியில், லுகாசியைப் பார்க்க நெல்லிக்குப்பம் போவது என்று தீர்மானமாயிற்று. மாப்பிள்ளை வீட்டு டி.வி.யில் வீடியோ கால்.

ஞாயிறு பதினொன்றரை மணிக்கு மூன்று பேரும் போய் உட்கார்ந்தார்கள். வீடு பார்க்கப் பெண்ணும் கூட வருவது வழக்கமில்லை. "அந்த ஊர்ல இருக்கப்போறது நானா, மாமாவா?" என்று கேட்டாள் காயத்ரி, வந்துவிட்டாள்.

மணவாளனின் அம்மா பொன்னி சுடச்சுட வாழைக்காய் பஜ்ஜியும் தேங்காய்ச் சட்னியும் கொண்டுவந்து வைத்தாள். "எடுத்துக்குங்க அண்ணே."

"இருக்கட்டும்மா." சம்பந்தி என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிடாமல் பார்த்துக்கொண்டார். கலைமணி ஒரு பார்வை பார்த்தாள். அவர் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார்.

டி.வி.யில் மணவாளன் ஒரு மோட்டார் சைக்கிளின் பின்சீட்டில் தெரிந்தான். அங்கே காலை ஒன்பது மணி. "வணக்கம் மாமா. இந்த மாதிரி வாடகை பைக்க இங்க போடா போடான்னுதான் சொல்லுவாங்க."

"மரியாதையாப் பேசச் சொல்லு" என்றார் ராமாமிர்தம்.

வண்டி கிளம்பியது. கம்பாலாவுக்கும் ஜின்ஜாவுக்கும் நடுவில், மெயின் ரோட்டின் மேலேயே ஊர். கென்யாப் பக்கம் போகும் லாரிகள் ஒன்றை ஒன்று உரசுவதுபோலப் போயின. திடீரென்று செம்மண் பாதையில் வண்டி சாய்ந்து திரும்ப, ராமாமிர்தமும் நாற்காலியோடு சாய்ந்தார். இரண்டு பக்கமும் கரும்பு. மேட்டில் ஏறினால் கரும்பு, இறங்கினால் வாழை, மறுபடி கரும்பு. தலை கிறுகிறுத்தது, ஆனாலும் கண்ணை மூட மனம் வரவில்லை.

"நாலாயிரம் அடி ஒசரம் மாமா. வீட்ல ஃபேனே கெடையாது."

"கரண்ட்டு இல்லியா?" என்று பதறினாள் கலைமணி.

"தேவ இல்ல அத்த."

"ஜனத்தொகை?" என்றார் ராமாமிர்தம்.

"லட்சத்துக்கு மேல மாமா."

அவருக்குச் சுருக்கென்றது. சிதம்பரமே அவ்வளவு இல்லை. "யார் யாரு?"

"லுகாண்டா பேசறவங்கதான் ஜாஸ்தி. கரும்பு வெட்ட வேற வேற பக்கத்துலேருந்து வந்து தங்கினவங்க, குஜராத்திங்க. நாம நாலு குடும்பம். இதோ, மார்க்கெட்டு."

பெண்கள் தக்காளியைச் சின்னச் சின்னக் கோபுரமாக அடுக்கி வைத்திருந்தார்கள். "அட, கூறு கட்டி வெச்சிருக்காங்கடி!" என்றார் ராமாமிர்தம். ஒரு கை தொடைக்கடியிலிருந்து வெளியே வந்தது, சுட்டிக்காட்டுவதற்காக.

அந்த நேரம் பார்த்து அங்கே மழை கொட்டியது. எல்லாரும் ஒரு தகரக் கொட்டகைக்கு ஓடினார்கள். அங்கே கையில் ரசீதுப் புத்தகத்தோடு ஒரு ஆள், சந்தை வரி கேட்டு நின்றிருந்தான். எதிரே ஒரு வாழைத்தார்க்காரி இடுப்பில் கைவைத்து அவனைப் பொரிந்து தள்ளினாள். பாஷை புரியவில்லை; ஆனால் ராமாமிர்தத்துக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. "இப்ப மேல பாப்பான் பாரு!" என்றார். வரி வசூலிக்கிறவன் கூரையை அண்ணாந்து பார்த்தான். "இப்ப புத்தகத்த மூடுவான்!" மூடினான். "இப்ப அவளே கூப்புடுவா!" கூப்பிட்டாள். ராமாமிர்தம் தொடையில் தட்டிச் சிரித்தார். அவர் வாயில் பஜ்ஜி இருந்தது.

அதைக் காயத்ரிதான் முதலில் பார்த்தாள். அம்மா டி.வி.யில் லயித்திருந்தாள். காயத்ரி மெல்லச் சட்னிக் கிண்ணத்தை இரண்டு விரற்கடை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"மாப்ள, தண்ணி எங்க போவுதுன்னு காட்டு!" என்று உத்தரவிட்டார். மணவாளன் மழையில் இறங்கி ஓடினான். சரிவில் செந்தண்ணீர் கால்வாய் கொள்ளாமல் துள்ளிக்கொண்டு இறங்கியது. ராமாமிர்தம் இரண்டாவதை முடித்து மூன்றாவதைச் சட்னியில் தோய்த்தார்.

"அண்ணே!" என்றாள் கலைமணி.

டி.வி.யில் மழை மட்டும் பெய்தது.

"எத்தினி தின்ன?"

"மூணு" என்றாள் காயத்ரி, கொஞ்சம் அவசரமாக.

ராமாமிர்தம் தனக்கு அருகே வந்திருந்த கிண்ணத்தைப் பார்த்தார். "இத யாருடி இங்க நவுத்தினது?"

"ஃபேன் காத்து மாமா."

கலைமணி தலையில் அடித்துக்கொண்டாள். "கேசரி இல்லியேன்னு நிம்மதியா இருந்தேன்!"

ராமாமிர்தம் மென்றதை விழுங்கிவிட்டு, ஆபீஸ் குரலில் சொன்னார். "தெரியாமத் தின்னது செல்லாது. கையெழுத்து இல்லாத ரசீது மாதிரி."

பொன்னியின் முகம் வாடியது. காயத்ரியின் சிரிப்பு நின்றது. அவள் மாமாவைப் பார்க்கவில்லை, டி.வி.யைப் பார்த்தாள். அங்கே அவன் தொப்பலாக நனைந்து, யாரும் நிறுத்தச் சொல்லாததால், இன்னமும் கால்வாயைக் காட்டிக்கொண்டிருந்தான். முப்பத்தோரு வருஷத்தில், தன் பேச்சைக் கேட்டு மழையில் நின்று கால்வாய் காட்டிய முதல் மனிதன் இவன் என்று ராமாமிர்தத்துக்குத் தோன்றியது.

"இந்தத் தண்ணி எங்க போய்ச் சேருது?" என்று கேட்டார்.

"கீழ சதுப்புல எறங்குது மாமா. சுத்தி வளைச்சு கடைசில நைல் நதிக்குத்தான் போவுதாம்."

"அப்பறம்?"

"அப்பறம் எகிப்து. கடலு."

அடுத்த தெரு வரை போகும் தண்ணீருக்கே மரியாதை கொடுத்துப் பழகியவர் அவர். ஒரு நகராட்சியின் தெருத் தண்ணீர் எகிப்துக்குப் போகிறது என்றதும் தலை நிஜமாகவே சுற்றியது. நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு அதை விட்டு, நாலாவது பஜ்ஜியை எடுத்தார். எல்லாரும் பார்க்கும்படி தூக்கிப் பிடித்தார். சட்னியில் இரண்டு தரம் தோய்த்தார். நிதானமாக மென்றார்.

"மூணு தெரியாமத் தின்னேன். இது தெரிஞ்சி" என்றார் கலைமணியிடம். பிறகு பொன்னி பக்கம் திரும்பினார். "உப்பு கொஞ்சம் ஜாஸ்தி, சம்பந்தி."

காயத்ரி போட்ட கூச்சலில் வாசலில் நின்ற கரும்பு வண்டி மாடுகள் தலையைத் திருப்பின. பொன்னி கேசரி கிண்ட உள்ளே ஓடினாள். கலைமணி திட்டிக்கொண்டே முந்திரி உடைக்கப் போனாள். இந்த அமளியில் லுகாசியின் சிக்னல் போயிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. கல்யாணம் முடிவானது கடைசியாகத் தெரிந்தது மாப்பிள்ளைக்குத்தான், அதுவரை அவன் மழையில் நின்றபடி, "மாமா, கேக்குதா? மாமா?" என்று கால்வாயிடம் கேட்டுக்கொண்டிருந்தானாம்.